பூநாரை பார்க்கக் கிளம்பிய பைனாகுலர்

ஏரிக்கு இரண்டு கல் தூரத்தில் ஒரு பழைய கார் புகை கக்கிக்கொண்டு நின்றது. நம்பாதவர்கள் அந்தக் காரையே கேட்டுக்கொள்ளலாம். முன்சீட்டில் கிடந்த பைனாகுலர் பதறியது.

"என்னண்ணே நின்னுட்டீங்க? இன்னிக்குச் சாயங்காலம் பூநாரைங்க ஊருக்குக் கிளம்பிடும். என் கண்ணாடியில பூஞ்சை ஏறிட்டு வருது. அடுத்த வருஷம் எனக்குப் பார்வையே இருக்காது!"

"நான் என்ன பண்ண, தம்பி? நம்ம முதலாளி ராகுகாலம் பார்த்தாரு, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சாரு. ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த மட்டும் மறந்துட்டாரு."

முதலாளி மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "பாதி வழியில வந்துட்டிருக்கேன் சார்" என்றார் மெக்கானிக். உடனே முதலாளி பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்து, வந்த ரோட்டையே பார்க்கத் தொடங்கினார். காலையில் புழுதி தெரிந்தது. மத்தியானம் ஓர் எருமை தெரிந்தது. மெக்கானிக் தெரியவே இல்லை.

பொழுது சாயும்போது தலைக்கு மேலே நூறு இறக்கைகளின் சத்தம் கேட்டது. முதலாளி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஐயா சாமி, என்னைக் கொஞ்சம் மேலே தூக்குங்களேன்!" என்று பைனாகுலர் கதறியது. சத்தம் தேய்ந்து அடங்கியது.

"போயிருச்சாண்ணே?"

"போயிருச்சு, தம்பி."

"நீங்களாவது பார்த்தீங்கல்ல? எப்படி இருந்துச்சு?"



"பானெட்டைத் திறந்து என் முன்கண்ணாடியை மறைச்சு நிறுத்தி வெச்சிருக்காரே, தம்பி."