பதினாலு வோல்ட்

"நானா, என்ட பருப்பு!"

நாகேஸ்வரி கத்தியது புவாத் நானாவின் காதில் விழவேயில்லை. பாதி நிறுத்த பருப்பைத் தராசிலேயே விட்டுவிட்டுக் கடையிலிருந்து இறங்கி ஓடினார்.

"தொடங்கிட்டார். இந்த ஒழுங்கையில ஒருத்தர் ஒரு ஆணி கழட்ட ஏலாது, இவர் போய் நிப்பார்!"

அவள் சொன்னது பொய்யில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிப் பெருந்தெருவிலிருந்து பிரியும் அந்த ஒழுங்கைக்குள் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும், யார் வீட்டுக் கல்யாணம் குழம்பினாலும், நானாவின் மூக்கு அங்கே இருக்கும்.

இன்றைக்கு அகப்பட்டவன் சிவபாலன். எதிர் மதிலோரம் தன் மோட்டார் சைக்கிளின் பக்கமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பற்றரியோடு குந்தியிருந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொஞ்ச நாள்தான். மருந்துக் கம்பனி ஒன்றுக்காக இரத்மலானை வரை ஓடித் திரிகிற வேலை. பைக் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. போன கிழமை பல்ப் கருகி, பற்றரியும் செத்து, பைக் சரியாகச் சோதனைச் சாவடிக்கு முன்னால் நின்றுவிட்டது. அன்றிரவு பொலிஸில்தான் படுக்கை.

பல்ப் கருகுவதும் பற்றரித் தண்ணீர் வற்றுவதுமாக இருந்தால், மின்சாரத்தை அளவோடு விடும் ரெகுலேட்டரில்தான் சந்தேகம். சோதித்துப் பார்க்க ஒரு வோல்ட் மீட்டர் இரவல் வாங்கி வந்திருந்தான்.

"கொண்டாங்க அத." நானா மீட்டரைப் பறித்தே விட்டார்.

"நானா, அதை நான்தான் பாக்க வேணும்..."

"நான் பாக்குறேன். நீங்க ஏறி இரிந்து எஞ்சினை ரேஸ் பண்ணுங்க. சிவப்பு சிவப்புல, கறுப்பு கறுப்புலதானே? எவ்வளவு காட்டணும்?"

"பதினாலு, மிஞ்சினாப் பதினாலரை. அதுக்கு மேல ஏறினா ரெகுலேட்டர் போயிட்டுது."

சிவபாலன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். வயசுக்கு மூத்த மனிசனோடு தெருவில் சண்டை பிடிக்கவா முடியும்?

எஞ்சின் இரைந்தது.

"எவ்வளவு, நானா?"

"பதினாலு."

இன்னும் முறுக்கினான். "இப்ப?"

"பதினாலு."

"வடிவாப் பாருங்கோ!"

"பதினாலுதான் தம்பி! ஹாண்டிலால கைய எடுக்காதீங்க."

சிவபாலனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. "மீட்டரைத் தாங்கோ, இது என்ட பைக்," என்று இறங்கப் போனான். நானா அவன் தோளைப் பிடித்து அமத்தினார்.

"இறங்க வாணாம்."

நாலு ஆமிக்காரர் ஒழுங்கைக்குள் திரும்பினார்கள். முன்னால் வந்தவன் துவக்கை நிமிர்த்தினான்.

பற்றரி, வயர், மீட்டர். நகரில் குண்டு வெடித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. இந்த மூன்றையும் ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியனுக்குப் பக்கத்தில் கண்டால் பைக் திருத்துகிறான் என்று யார் நினைக்கப் போகிறார்கள்? சிவபாலனுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"மேக்க காகேத?" இது யாருடையது என்று அதட்டினான் முன்னால் நின்றவன்.

"மகே, மஹத்தயா!" நானா மீட்டரின் வயர் இரண்டையும் தூக்கிக் காட்டினார். எல்லாம் தன்னுடையது, அந்தக் கடையும் தன்னுடையது, முறுக்கிப் பிடிக்கத்தான் இந்தத் தம்பியைக் கூப்பிட்டேன் என்று சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். அந்த நேரத்தில் அந்த வயரைத் தன்னுடையது என்று சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்?

அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். சிவபாலனுடையதைக் கூடுதல் நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வயர் யார் கையில் இருக்கிறது என்றும் பார்த்தார்கள்.

"ஹரி, முதலாளி," சரியென்றுவிட்டு நடந்தார்கள்.

சிவபாலனுக்கு மூச்சு வந்தது. "நல்ல காலம் நானா, மீட்டர் உங்கட கையில இருந்தது."

"இந்தாங்க, இனி நீங்களே பாருங்க." நானா மீட்டரை நீட்டிவிட்டுக் கடைப் பக்கம் திரும்பினார்.

சிவபாலன் ஒரு கையால் வயரைப் பிடித்து, மறு கையால் முறுக்கிப் பார்த்தான். பதினேழு!

"நானா, பதினேழு காட்டுது! ரெகுலேட்டர் போயே போச்சு. நீங்க பதினாலு எண்டெல்லோ சொன்னீங்க?"

நானா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"வாசிக்கிற கண்ணாடி தராசடியில கிடக்குது தம்பி. பருப்பு நிறுக்கக்குள்ளதான் காலி வீதியில ஆமி லொறி வந்து நிண்டத கண்டேன். கண்ணாடி எடுக்க எங்க நேரம்?"