நாத்தனார் பார்த்த உப்பு

சன்னல் வெயில் உணவகத்தின் அடுப்பு மேடையில் பாதிவரை வந்திருக்கிறது. மேடையில் இரண்டு பிரெஞ்சு சாண்ட்விச்சுகள், உள்ளே பன்றியிறைச்சியும் சீஸும். ஒன்று வெந்து, மேலே ஊற்றிய வெள்ளைச் சாஸ் பொன்னிறமாகக் கொப்புளித்திருக்கிறது. அது ருசி பார்க்க. சாஸுக்காகக் காத்திருக்கும் மற்றது முதலாளிக்கு. சமையல்காரி பிறந்ததிலிருந்து இறைச்சியை வாயில் வைத்ததில்லை. ஐந்து வருஷமாக அவளுக்கு உப்பு பார்த்துச் சொல்பவள், இங்கேயே பாத்திரம் கழுவும் நாத்தனார். முந்தாநாள் வீட்டில் இருவருக்கும் நடந்த சண்டையின் சூட்டில் அவளேதான் போய் முதலாளியிடம் இதைப் போட்டுக்கொடுத்திருக்கிறாள். “வாயிலயே வைக்காத ஆளு என்னத்தச் சமைக்கிறது? சாப்பிட்டுப் பாத்துட்டு முடிவு பண்றேன்” என்று சொல்லிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து முள்கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார் முதலாளி. இறைச்சி இன்று புதுக் கடையிலிருந்து வந்தது. அதில் உப்பு எவ்வளவு என்று தெரியாமல் மீதிச் சாஸில் கை வைக்க முடியாது. சமையல்காரி ஒரு மூலையை வெட்டி, தட்டை நாத்தனார் பக்கம் நகர்த்துகிறாள். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கடிக்கிறாள். சீஸ் நூலாக இழுபட்டு மோவாயில் ஒட்டுகிறது.

“கொஞ்சம் பத்தல அண்ணி,” என்கிறாள் மென்றபடியே, தட்டைப் பார்த்து.

இரண்டு நாளுக்குப் பிறகு வந்த முதல் ‘அண்ணி’. உப்பு பத்தலை என்றது பொய்யென்றால் இன்றோடு வேலை போயிற்று. கூடத்தில் தட்டும் சத்தம் நிற்கிறது, நாற்காலி நகர்கிறது. சமையல்காரி நிமிர்ந்து பார்க்காமல் ஒரு சிட்டிகை உப்பை அள்ளிச் சாஸில் போட்டுக் கலக்குகிறாள். கலக்கும் கையையே பார்த்து நிற்கிற நாத்தனார், வாயில் இருப்பதை இன்னும் விழுங்கவில்லை.