பூஸ்டர் போன வண்டி

விழிஞ்ஞத்தில் மீன் விற்கிறவளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? ஜெபமலரின் பழைய காரை விலை பேச வந்த கரமனை ஆடிட்டர் தாணுமாலயனுக்கு ஏளனச் சிரிப்புதான் வந்தது.

"ரேடியேட்டருக்குத் தண்ணி கொண்டு வா" என்று அவளை உள்ளே அனுப்பினார். திரும்பி வந்தவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்.

"பிரேக்கை நாலு தடவை மிதிச்சு, அப்படியே பிடி. இனி ஸ்டார்ட் பண்ணு. பெடல் இறங்குதா?"

"இல்ல சாரே, கல்லு மாதிரி நிக்குது. காலைல வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு."

"அப்போ பிரேக் பூஸ்டர் போச்சு. நல்லா இருந்தா பெடல் இறங்கும். மாத்தினா வண்டி விலையே ஆகும். போனாப் போகுது, பாதி விலைக்கு நான் எடுத்துக்கிடுதேன்."

ஜெபமலர் இறங்கினாள். "வேண்டாம் சாரே. தெரிஞ்சே இதை ஒருத்தர் தலையில கட்டினா கர்த்தர் பொறுப்பாரா? பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரன் முக்குலதான் நிக்கான். இரும்பு விலைக்கு உடைக்கக் குடுத்திருதேன்."

"அய்யோ, நான் சரி பண்ணிக்கிடுவேன்."

"வண்டி விலை ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் ஆக்ரிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். தாணுமாலயனுக்கு வியர்த்தது. துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார்.

அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது அவர் பூஸ்டரிலிருந்து கழற்றிவிட்ட ஹோஸின் வாயை, காற்றிழுக்கும் சத்தம் கேட்காதபடி அந்தக் கைக்குட்டைதான் அடைத்துக்கொண்டிருந்தது.