லிபோரியோவின் கழுத்து

மனித உடல் ஒருநாளும் பொய் சொல்லாது.

சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன், புனித ரோக்கோ சகோதர சபையின் தலைவர் இப்படித்தான் தொடங்கினார். தொடங்கும்போது வயிற்றை எக்கிப் பிடித்திருந்தார்.

பெட்டிக்குள் இருந்தவன் ரொட்டிக் கடை கஸ்பாரே. பெட்டியைத் தாங்கிய ஆறு பேரில் ஒருவன் லிபோரியோ, கஸ்பாரேயின் பால்ய சிநேகிதன்.

சிசிலியின் ஆகஸ்ட் வெயில். கறுப்புக் கோட்டு. ஒரு கை பெட்டிக்கு அடியில், மறு கை எதிர்ப்பக்கத்துக்காரனின் தோளில். சொறிவதற்கென்று மூன்றாவது கையைக் கடவுள் கொடுக்கவில்லை.

கழுத்தில் ஒரு புள்ளி எழுந்தது. அப்புறம், தாளிக்கும்போது கடுகு தெறிப்பதுபோல, முதுகு முழுக்க.

அவனுக்கு இது பழைய வியாதி. உடம்பு சூடானாலும் தடிக்கும், மனசு சூடானாலும் தடிக்கும். அதற்குப் பயந்தே கால்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் பார்ப்பான். சபையில் வாக்குவாதம் சுவாரசியமாகும் நேரம் பார்த்து எழுந்து போய்விடுவான். தொப்பிக்குள் எப்போதும் ஓர் ஈரக் கைக்குட்டை. ஊர் இதற்கெல்லாம் நிதானம் என்று பெயர் வைத்து மரியாதை கொடுத்தது. அவனும் மறுக்கவில்லை.

புனித ரோக்கோவே அங்கியை விலக்கித் தொடைப் புண்ணைக் காட்டியபடிதான் பீடத்தில் நிற்கிறார். லிபோரியோ அவ்வளவு பெரிய புனிதர் இல்லை.

அரிப்பை அடக்க அவனிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. உலகத்திலேயே சலிப்பூட்டும் ஒன்றை மனசுக்குள் ஒப்பிப்பது. சபையின் விதிகளை ஒப்பித்தான். சந்தா. மெழுகுவர்த்தி. கூட்டத்துக்கு வராதவருக்கு அபராதம். தோல் கொஞ்சம் அடங்கியது.

அடுத்த விதியில் கால் இடறியது. திருவிழாவில் புனிதரின் பல்லக்குக்கு முன்தண்டு பிடிப்பவர் காலமானால், அவருக்குப் பின்னால் நிற்பவர் முன்னால் வருவார்.

முன்தண்டு கஸ்பாரேயுடையது. ஒவ்வொரு திருவிழாவிலும் அவனுடைய பிடரியைப் பார்த்தபடியே பின்னால் நடந்தவன் லிபோரியோ. திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

அரிப்பு காதுவரை ஏறியது.

நீரூற்று முக்கில் பெட்டியை இறக்கி மூச்சு வாங்கினார்கள். கஸ்பாரேயின் மனைவி மீம்மா கிட்டே வந்தவள், லிபோரியோவின் கழுத்தைப் பார்த்து அழுகையை நிறுத்தினாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பாருங்க. அவரு கூடப் பொறந்தவனுங்க வழியெல்லாம் பந்தாட்டம் பேசிட்டு வர்றானுங்க. இந்த மனுசனுக்குத் தோலே அழுவுது."

கூட்டம் நெகிழ்ந்தது. தன் வாக்கு பலித்துவிட்ட சந்தோஷத்தில் தலைவர் எக்கிப் பிடித்திருந்த வயிற்றை விட்டுவிட்டார்.

மீம்மா ஒரு கைக்குட்டையை ஊற்று நீரில் நனைத்து அவன் கழுத்தில் ஒற்றினாள். அது கஸ்பாரேயின் கைக்குட்டை. ஓரத்தில் இன்னும் மாவு வாசனை இருந்தது. நீர் குளிர்ந்தது, ஆனால் ஒற்றிய இடமெல்லாம் இன்னும் பெரிதாகத் தடித்தது. கஸ்பாரே நல்லவன் என்று மட்டும் அவளிடம் சொல்ல முடிந்தது.

அவள் நகர்ந்ததும் லிபோரியோவின் மனைவி நுன்சியா, காலரைச் சரிசெய்கிற சாக்கில் அருகே வந்தாள்.

"வெயில்னு சொல்லாத லிபோ. வெயிலுக்குத்தான் காலையிலயே மாத்திரை குடுத்தேன். உங்கம்மாவப் பொதைக்கிறப்ப உனக்கு ஒரு புள்ளி எழும்பல. கடைசியா இப்பிடித் தடிச்சது நம்ம ஊரு டீமு கோப்பை ஜெயிச்சன்னிக்கு."

அவன் மறுபடி பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

துக்கப்பட முயன்றான். விடிகாலையில் கடைப் பின்கதவைத் திறந்து, சூடு தாங்காமல் கை மாற்றிக் கை மாற்றி ரொட்டியை நீட்டும் கஸ்பாரேயை நினைத்தான். துக்கம் வரத்தான் செய்தது. கண் நிறைந்து வழிந்தது. தோல் மட்டும் அதில் கலந்துகொள்ளாமல் தன் பாட்டுக்குக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

முன்தண்டு பிடிப்பவர் மட்டும் இடுப்பில் சிவப்புப் பட்டுக் கச்சை கட்டுவது சபை வழக்கம். இறந்தவரின் கச்சை அவரோடு பெட்டிக்குள் போய்விடும். அடுத்தவர் புதிதாகத் தைத்துக்கொள்ள வேண்டும்.

லிபோரியோ தையல்காரரிடம் இடுப்பளவு கொடுத்தது போன செவ்வாய்க்கிழமை, மருத்துவமனையில் கஸ்பாரேயைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்.

அன்றைக்குக் கஸ்பாரே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சூப்பில் உப்பில்லை என்று நர்ஸோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.