கருத்த மண்டையோடு

இறந்த துறவிகளின் எலும்புகளைச் சேர்த்து வைக்கும் மடத்து எலும்பறையின் ஜன்னலில் விழும் காலை வெயிலில், மடத்து வழக்கப்படி புதைத்து மூன்று வருடம் கழித்துத் தோண்டியெடுத்த மண்டையோட்டைத் துறவி அகாக்கியோஸ் ஒயினில் கழுவுகிறார். சுவர் முழுக்க எழுநூறு வருடத்து மண்டையோடுகள். தேன்மெழுகின் மஞ்சள், நெற்றியில் பெயர். கையிலிருப்பது மட்டும் எத்தனை தேய்த்தும் கருப்பாகவே இருக்கிறது. “மஞ்சள்னா புண்ணியவான், கருப்புன்னா பாவி. பேர் எழுதாம மூலையில போடு” என்கிறார், வாசலில் நிற்கும் மடத்தலைவர். “முப்பது வருஷம் நமக்காக அடுப்பு ஊதுனவன், சாமி. இவன் வச்ச சூப்ப ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே, அப்பத் தெரியலையா பாவின்னு?” அகாக்கியோஸ் தூரிகையை எடுக்கிறார். கருப்பு மை எடுபடவில்லை. சுண்ணாம்பைக் குழைத்து, பளிச்சென்று எழுதுகிறார்: லியோண்டியோஸ், சமையல்காரன். பழைய மடத்தலைவர்களின் வரிசையில் நட்டநடுவே அதை வைத்துவிட்டுத் திரும்புகிறார். “பக்கத்து இடம் உங்களுக்குத்தான், சாமி. என்ன நிறம்னு அப்பப் பாத்துக்கலாம்.”