எட்டு யூனிட் ஓ நெகட்டிவ்

லேப்டாப்பில் கேட்ட மறு நொடியே பெரிய திரையில் பதில் வந்து விழுந்தது. ஓ நெகட்டிவ், எட்டு யூனிட், கைவசம் உண்டு. பணீந்திரா திரையைப் பார்க்கவில்லை. நாகமணியின் முகத்தைத்தான் பார்த்தான்.

"இதைத்தான் சர்வர்ல ஓடலை, ஓடலைன்னு மூணு நாளா மெயில் போட்டீங்களாம்மா?"

ஹைதராபாத்தில் அந்தக் கம்பெனியின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவள் நாகமணி. எந்த ஆஸ்பத்திரியில் எந்த ரத்தம் இருக்கிறது என்று கேட்டால் சொல்லும் ஏபிஐயை எழுதியவன் பணீந்திரா. நாளைக் காலை நாற்பது ஆஸ்பத்திரிகள் அதில் இணையப் போகின்றன. கோளாறு சர்வரில்தான் என்று இன்று முடிவானால், ஒப்பந்தத்தில் இருக்கும் நாகமணிக்கு இன்றோடு வேலை போய்விடும்.

அவன் அனுப்பியதை அவள் ஏழு தடவை சர்வரில் ஏற்றினாள். ஏழு தடவையும் ஏறின வேகத்தில் படுத்துக்கொண்டது. அவன் லேப்டாப்பில் மட்டுமே இருக்கிற ஏதோ ஃபோல்டரைத் தேடுகிறது என்று எழுதிப் பார்த்தாள். மெஷினுக்குக் காவல் இருக்கிறவர்கள் புரோகிராம் படிக்கக் கிளம்பினால் விளங்கினாற்போலத்தான் என்று அவன் ஆபீஸ் முழுக்க நகல் வைத்துப் பதில் போட்டான்.

அவன் எழுத்தில் தப்பு வருமா என்ன! எழுதும்போதே சர்வரின் பெயரைத் தன் லேப்டாப்புக்குச் சூட்டி, நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவான். இந்தப் பெருமையைக் காலையிலிருந்து மேனேஜர் உமாமகேஸ்வர ராவின் காதில் இரண்டு முறை ஓதியாயிற்று.

ராவ் தன் போனில் சர்வரின் அதே முகவரியைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. போனில் கண்ட கண்ட ஆப்பை எல்லாம் அடைத்து வைத்தால் எப்படி வரும் என்று பணீந்திரா உஸ்மானியா பிஸ்கட்டைச் சாயாவில் தோய்த்தபடி கேட்டான். வைஃபை என்றாலும் அவனுக்கு இளப்பம். அதை அணைத்துவிட்டு வயரில்தான் வேலை செய்வான்.

நாகமணி கீழே விழுந்த பேனாவை எடுக்க மேஜைக்கடியில் குனிந்தாள்.

"பேனாவையே பிடிக்கத் தெரியலை. இவங்க சர்வரைக் கட்டி மேய்க்கிறாங்களாம்" என்றான் அவன், ராவிடம்.

அதற்கப்புறம் அவன் ராஜ்யம்தான். ஏ பாசிட்டிவ் கேட்டான், பி நெகட்டிவ் கேட்டான். ஒவ்வொரு பதிலுக்கும் நாகமணியைப் பார்த்து ஒரு கேலிச் சிரிப்பு. ராவுக்கே சங்கடமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் அவளுடைய ஃபைலைப் பிரித்தார்.

"நாகமணி காரு, தப்பா எடுத்துக்காதீங்க..."

"அவரை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்கச் சொல்லுங்க சார்" என்றாள் நாகமணி.

பணீந்திரா தலையில் அடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினான். எட்டு யூனிட் பளிச்சென்று வந்து நின்றது.

"பாத்துக்குங்க. சர்வர் பேசுது. உங்களுக்குத்தான் காது கேட்கலை."

நாகமணி கையில் சுருட்டி வைத்திருந்த நீல வயரின் முனையை அவனுடைய சாயா கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவர் லேப்டாப்போட நெட் வயரைக் கழட்டி பத்து நிமிஷம் ஆச்சு சார்."