வேகமான வழி

“பிளேன்ல ஒண்ணேகால் மணி நேரந்தான் போட்டிருக்கு.”

கார் கம்பெனியில் விடுப்புப் படிவங்களைப் பார்க்கும் சம்பத்குமார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை வேல்ராஜின் பக்கம் திருப்பினார். சென்னை, தூத்துக்குடி. நடுவில் ஒரு நீலக்கோடு.

புதுச் சுற்றறிக்கை அப்படி. சொந்த ஊர் எட்டு மணி நேரத்துக்கு அப்பால் இருந்தால் விடுப்போடு ஒரு பயண நாளும் உண்டு. பயண நேரத்தை, இருப்பதிலேயே வேகமான வழியில் கணக்கிட வேண்டும்.

வேல்ராஜ் தன் படிவத்தில் பதினான்கு என்று எழுதியிருந்தான். வடக்குப்பட்டு அறையிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பஸ், தூத்துக்குடியில் இறங்கி இன்னொரு பஸ், கடைசியில் மினி பஸ்.

“பிளேனு எங்க சாஸ்தா கோயில் வாசல்ல நிக்குமா சார்?”

அவர் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை பங்குனி உத்திரம். காலை ஒன்பது மணிக்கு சாஸ்தா கோயிலில் அக்கா இசக்கிசெல்வியின் மகளுக்குக் காதுகுத்து. புதன்கிழமை இவனுக்கு இரண்டாம் ஷிஃப்ட். நள்ளிரவில் முடிந்து கிளம்பினால், போய்ச் சேரும்போது பொங்கல் வைத்த கல் கூட ஆறியிருக்கும். சொல்லாமல் போனாலோ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

“எம் மடியில வச்சுத்தான் சார் குத்தணும். அவளுக்கு இருக்கது ஒத்த மாமன்.”

“புரியறதுப்பா. சர்க்குலரை நானா போட்டேன்?”

அவர் வேல்ராஜின் பதினான்கை அடித்து, மேலே ஒன்றேகால் என்று எழுதினார். பிறகு, சரிபார்ப்பவர் போல, மறுபடியும் சென்னை என்று தட்டினார்.

எப்போதோ தேடியதை வைத்து அடுத்த கட்டம் தானாகவே நிரம்பிக்கொண்டது. சிங்கப்பூர். நாலேகால் மணி நேரம்.

சட்டென்று அழித்தார். அதற்குள் வேல்ராஜ் பார்த்துவிட்டான்.

“சிங்கப்பூர்ல ஆரு சார்?”

“பையன்.”

“நாலேகால் மணி நேரந்தானா? அப்ப நெனச்சா வந்துட்டுப் போயிருவாரு.”

அவன் நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னான்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு ஒரு லாரி ஊர்ந்து போனது. அது முழுவதும் போய் முடியும்வரை சம்பத்குமார் அதையே பார்த்திருந்தார்.

“அவன் எங்காத்து வாசலை மிதிச்சு ஆறு வருஷம் ஆறது.”

படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். தான் எழுதிய ஒன்றேகாலை ஒரே கோட்டில் அடித்தார். அடித்ததற்குப் பக்கத்தில் பதினான்கு என்று எழுதி, சின்னக் கையெழுத்துப் போட்டு, முத்திரையை அழுத்தினார்.

வேல்ராஜ் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான். கதவு வரை போனவன், சும்மா போவது மரியாதையில்லை என்று தோன்றியதோ என்னவோ, திரும்பி நின்றான்.

“அங்கயும் லீவு தர மாட்டேங்காங்களா சார்?”

சம்பத்குமார் அடுத்த படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

“அந்த வேலையை விட்டுட்டு வந்து மூணு வருஷம் ஆறது. இப்போ தாம்பரத்துல இருக்கான். நம்ம கம்பெனி பஸ் அவன் வாசல் வழியாத்தான் போறது.”